சம்பூர்ணத்தின் வாரப் பணி

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில், மாதா கோயிலைச் சுற்றி எண்பது வீடுகள் உள்ள அந்தத் தெருவில், சம்பூர்ணத்தைப் போல நல்ல காரியம் செய்தவர் யாருமில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கோயிலில் முதல் முறையாகப் புதுநன்மை வாங்கும் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுத்தவள் அவள். அதற்குக் கூலி வாங்கியதில்லை. கல்லறைத் திருநாள் வந்தால், கேட்க ஆளில்லாமல் கிடக்கும் கல்லறைகளையும் சேர்த்துப் புல் செதுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். காய்ச்சல் கண்ட வீட்டுக்குக் கஞ்சி போகும். சண்டை போட்டுக்கொண்ட வீட்டுக்குச் சமாதானம் சொல்லப் போவாள். ஐம்பத்தெட்டு வயதில், கண்ணாடி மாட்டிக்கொண்டு, இன்னும் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

இத்தனையையும் அவள் பயத்தில் செய்தாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அவள் பிறந்தது பெரம்பலூரை ஒட்டிய குரும்பலூரில். அப்பா, அம்மா இருவருக்கும் சின்ன வெங்காயக் காட்டில் கூலி வேலை. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. சிஸ்டர்மார் நடத்திய விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தாள், தையலும் கற்றாள். பத்தொன்பதாவது வயதில் அம்மா செத்துப்போனாள். செத்தது கூடப் பெரிதில்லை, செத்த விதம்தான் அவளை விடவில்லை. கடைசி இரண்டு நாளும் அம்மா தன் கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். "ஒண்ணுமே இல்லையேடி. வெறுங்கையோட போறேனேடி. அங்க கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?" பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை பூசினார், நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் வைத்தார். எண்ணெய் காய்வதற்குள் அம்மா மறுபடியும் கையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த பீதியோடுதான் உயிர் போனது.

அன்றைக்கே சம்பூர்ணம் தீர்மானித்துவிட்டாள். தான் வெறுங்கையோடு போகக்கூடாது.

அரியலூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்த பிறகும் அந்தப் பயம் பெட்டிப் படுக்கையோடு கூடவே வந்தது. புருஷன் தங்கசாமி, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், தேர்த் திருவிழா, இந்த மூன்றுக்கும்தான் கோயிலுக்குள் கால் வைப்பார். வழியில் யார் கையைக் காட்டினாலும் லாரியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார். ஏற்றியதை வீட்டில் வந்து சொல்லவும் மாட்டார். அவளைக் கேலி செய்வது மட்டும் தவறாது. "உனக்கென்ன, மோட்சத்துல சீட்டு ரிசர்வ் ஆயிடுச்சு. நாங்கதான் அன்ரிசர்வ்ல தொங்கிட்டு வரணும்."

"நக்கல் பண்ணாதீங்க. சாவு வந்தா தெரியும்."

"சாவு வந்தா தெரியறதுக்கு நான் எங்க இருக்கப் போறேன்?"

அவளுக்குச் சிரிப்பு வராது.

கோயிலின் பக்திச் சபையான மரியாயின் சேனையில் அவள் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயிலை ஒட்டிய சின்ன அறையில் மாதா சுரூபத்தை வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றி, ஒன்பது பத்துப் பெண்கள் உட்காருவார்கள். ஜெபமாலை முடிந்தபின் ஒவ்வொருத்தியும் அந்த வாரம் செய்த பணியை வாயால் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்குப் போனேன், இந்த நோயாளியைப் பார்த்தேன், இன்ன ஜெபம் சொன்னோம் என்று. செயலாளர் அதை நோட்டில் எழுதிக்கொள்வாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லும்போது சம்பூர்ணம் நிமிர்ந்து சொல்வாள். சொல்லி முடிக்கும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கும். திங்கட்கிழமை காலையில் மறுபடி ஏறிக்கொள்ளும்.

அந்த வருஷம் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வாரப் பணி, செங்கமலத்தைப் பார்ப்பது.

செங்கமலத்துக்கு எழுபத்தொன்று. ஞானஸ்நானப் பெயர் செசிலி. அந்தப் பெயர் கோயில் பதிவேட்டோடு சரி. ஒரே மகன் அறிவரசன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மஸ்கட்டில் இருந்தான். செங்கமலம் தனியே இருந்தாள். பக்கத்து வீட்டுப் பூங்குழலி வேளாவேளைக்கு ஏதாவது கொண்டுவந்து வைப்பாள். ரத்த அழுத்தமும் மூட்டு வலியும் தவிரச் செங்கமலத்துக்குப் பெரிய நோய் ஒன்றுமில்லை. ஒரு கேள்விதான் இருந்தது.

"சம்பூர்ணம், நான் மோட்சத்துக்குப் போவேனா?"

முதல் தடவை கேட்டபோது, "போவாம என்னக்கா" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். "நீ எவ்வளவோ பண்ணியிருக்க. நான் என்னத்தப் பண்ணினேன், ஒத்தப் புள்ளயப் பெத்தேன், சோறாக்கினேன். அங்க கேட்டா என்னத்தச் சொல்றது?" இதைச் சொல்லிவிட்டுச் செங்கமலம் சம்பூர்ணத்தின் முகத்தைப் பார்ப்பாள், விடை அங்கே எழுதியிருப்பது போல. குரும்பலூர்க் கட்டிலில் கிடந்த அம்மாவே எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும் சம்பூர்ணத்துக்கு.

அதனால் ஒரு வாரம் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டு வந்தாள். கூட்டத்தில், "செங்கமலம் அக்காவப் பாத்தேன்" என்றாள். பொய்யில்லை. அடுத்த வாரம் தெருவோடு போகையில் ஜன்னல் வழியே தலை தெரிந்தது. அதையும், "பாத்தேன்" என்று சொன்னாள். அதற்கடுத்த வாரம் தலையும் தெரியவில்லை.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. பூசை ஏழரைக்கு. ஏழு மணிக்குச் செங்கமலம் வீட்டைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. வாசல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. விடிந்து வெயில் ஏறிய பிறகும் எரிகிறதே என்று ஒரு கணம் நின்றாள். செங்கமலம் அந்த விஷயத்தில் கறார். கிழக்கு வெளுத்ததும் முதல் வேலையாக ஸ்விட்சை அணைத்துவிடுவாள். தட்டிப் பார்க்கலாமா என்று கை உயர்ந்தது. தட்டினால் திறப்பாள். திறந்தால் கேட்பாள். பூசைக்கு நேரமாகிவிட்டது, முடிந்ததும் வந்துகொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

கூட்டத்தில் அவள் முறை வந்தது. சொல்ல வேறு பணி எதுவும் அந்த வாரம் இல்லை. கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளே வாரத்தைத் தின்றுவிட்டன. ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் வந்ததில்லை. வெறுங்கை.

"இன்னிக்குக் காலையில ஏழு மணிக்குச் செங்கமலம் அக்கா வூட்டுக்குப் போனேன். நல்லா இருந்தாங்க. உக்காந்து ஜெபமாலையில பத்து மணி சொன்னோம். காபி போட்டுக் குடுத்துட்டு வந்தேன்."

காபியை எதற்குச் சேர்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தலைவி அடைக்கலமேரி டீச்சர், "மாதாவுக்கு நன்றி" என்றார். செயலாளர் எழுதிக்கொண்டாள்.

ஒன்பதே முக்காலுக்குப் பூங்குழலி தலைவிரி கோலமாகக் கோயில் வாசலுக்கு ஓடி வந்தாள். புட்டு கொண்டுபோயிருக்கிறாள். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக உள்ளே போனால், அடுப்படிக்கும் நடைக்கும் நடுவில் செங்கமலம் தரையில் கிடக்கிறாள். ஒரு பக்க வாய் கோணியிருக்கிறது. வலது கையும் காலும் அசையவில்லை. கண் திறந்திருக்கிறது, பேச்சில்லை.

நூற்றெட்டு வண்டி வந்தது. பூங்குழலியும் டீச்சரும் உள்ளே ஏறினார்கள். சம்பூர்ணம் தங்கசாமியின் டிவிஎஸ்ஸில் பின்னால் போனாள். முந்திரித் தோப்பும் சிமெண்டு லாரிகளின் தூசியும் இரண்டு பக்கமும் ஓடின. அவள் கண்ணில் அந்தப் பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சிவரஞ்சனிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேச்சில் வேகம் இருந்தது, பதற்றம் இல்லை. செங்கமலத்தை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.

"கடைசியா இவங்கள நல்லா இருக்கறப்ப பாத்தது யாரு? எத்தனை மணிக்கு?"

"இவங்க பாத்தாங்க, டாக்டர்," அடைக்கலமேரி டீச்சர் சம்பூர்ணத்தைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "காலையில ஏழு மணிக்கு. எங்க நோட்டுலயே எழுதியிருக்கு."

"ஏழு மணிக்கு நல்லாப் பேசினாங்களா?"

சம்பூர்ணத்தின் வாய் திறந்தது. டீச்சரே சொல்லிவிட்டார். "பேசினது மட்டுமா? ஜெபம் சொல்லியிருக்காங்க. காபி குடிச்சிருக்காங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். "சரி. ஸ்கேன்ல ரத்தக் கசிவு இல்லன்னா ஒரு ஊசி இருக்கு. அடைப்பைக் கரைக்கிற ஊசி. நல்லா இருந்த நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். ஏழுன்னா பதினொன்றரை வரைக்கும் நேரம் இருக்கு. மகன்கிட்டப் பேசணும்."

பூங்குழலி மஸ்கட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அறிவரசன் குரல் உடைந்திருந்தது. டாக்டர் அவனுக்கு நிதானமாக விளக்கினார். ஊசி போட்டால் கை, கால், பேச்சு திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் நேரம் தாண்டிய பிறகு போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நேரம் உறுதியாகத் தெரிய வேண்டும்.

"ஏழு மணிக்கு அம்மா நல்லா இருந்துச்சா? யாரு பாத்தா?"

"சம்பூர்ணம் அத்தைதான்," என்றாள் பூங்குழலி.

"சின்னம்மாவா? அப்ப சரிதான். சின்னம்மா வாரம் தவறாமப் போவாங்க. போடுங்க டாக்டர். நேரத்த வுட்டுடாதீங்க."

சம்பூர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் அவளைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி அவளைக் கேட்கவே தேவையில்லை.

வராந்தாவுக்கு வந்தாள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். அருள்நிறைந்த மந்திரத்தை ஆரம்பித்தாள். பாதியில் வார்த்தை அறுந்தது. மறுபடி ஆரம்பித்தாள். ஒருவேளை பல்பை அணைக்க மறந்திருக்கலாமே. ஒருவேளை ஏழு மணிக்கு உள்ளே நன்றாகத்தான் இருந்திருப்பாளோ. ஒன்பது மணிக்கு விழுந்திருந்தால் ஊசி சரியாகத்தானே இருக்கும். மாதா பார்த்துக்கொள்வாள். நம்பிக்கையோடு இரு என்றுதானே எல்லாச் சாமியாரும் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன், மாதாவே. நீயே பார்த்துக்கொள்.

அப்படிச் சொன்ன மறுநொடியே அவளுக்கு உடம்பு நடுங்கியது. நாற்பது வருஷமாகத் தன் கையை நம்பியவள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாவற்றையும் மாதாவிடம் விடுகிறாள். அதுவும் எதற்கு? தன் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு.

தங்கசாமி டீ வாங்கிக்கொண்டு வந்தார். "ஜெபம் பண்றியா, நடுங்குறியா? பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

"ஏங்க."

"என்ன?"

"நான் போவல."

"எங்க போவல?"

"அந்த அக்கா வூட்டுக்கு. இன்னிக்குப் போவவே இல்ல. மூணு வாரமா சரியாப் போவல. வெளி பல்பு எரிஞ்சுது. பாத்துட்டுப் போயிட்டேன்."

தங்கசாமி டீயைப் பெஞ்சில் வைத்தார். முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"இப்ப சொன்னா," என்றாள் அவள், "ஏழு மணிக்கே கதவத் தொறந்திருந்தா பொழச்சிருப்பாங்கன்னு ஊரே சொல்லும். என் மூஞ்சில காறித் துப்பும்."

"துப்பும்."

"அறிவரசனுக்கு நான் எப்படி..."

"இந்தா, என்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? ஊசி என் கையிலயா இருக்கு?"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. ஸ்கேனில் கசிவு இல்லை என்று வந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு நர்ஸ் தட்டில் மருந்துக் குப்பியோடு போவது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. சம்பூர்ணம் எழுந்தாள். ஊராருக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்பதைவிடச் செத்துவிடலாம் என்று தோன்றியது. செத்தால் அங்கேயும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் தோன்றியது. தைரியம் வந்து அவள் நடக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம் இருந்தது, அதில் ஒரு பயத்தின் பக்கமாக நடந்தாள்.

"டாக்டரம்மா. நான் ஏழு மணிக்கு அவங்களப் பாக்கல."

சிவரஞ்சனி திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

"வூட்டத் தாண்டிப் போனேன். உள்ள போவல. கதவு சாத்தியிருந்துச்சு. வெளி பல்பு எரிஞ்சுட்டு இருந்துச்சு. அவங்க விடிஞ்சதும் அணைச்சுடுவாங்க. ஒருநாளும் வுட மாட்டாங்க. அணைக்கலன்னா ராத்திரியே..."

"ஜெபம் சொன்னது? காபி?"

"பொய்யி."

அடைக்கலமேரி டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "சம்பூர்ணம், மாதா முன்னாடி வச்சுச் சொன்னியே."

நர்ஸிடம் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பிறகு பூங்குழலியிடம், "நேத்து ராத்திரி நீங்க எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். இட்லி கொடுக்கப் போனபோது எட்டு மணிக்கு நன்றாக இருந்தாள் என்றாள் பூங்குழலி. டாக்டர் அதைச் சீட்டில் எழுதினார். ஏழு மணி என்று எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார்.

"இந்த ஊசி வேண்டாம். வேற வைத்தியம் பண்றோம். இவங்கள உள்ள ஷிஃப்ட் பண்ணுங்க."

சம்பூர்ணம் அங்கேயே நின்றாள். "டாக்டரம்மா, நான் கதவத் தொறந்திருந்தா?"

சிவரஞ்சனி அவளைக் கோபமாகப் பார்த்தார். கோபத்தோடேயே உண்மையையும் சொன்னார். "ராத்திரியே விழுந்திருந்தா ஏழு மணிக்கும் இந்த ஊசிக்கு நேரம் தாண்டித்தான் இருக்கும். எனக்குத் தெரியல, உங்களுக்கும் தெரியப் போறதில்ல. கதவத் தொறந்திருந்தா இன்னொரு ரெண்டே முக்கால் மணி நேரம் தனியாத் தரையில கெடந்திருக்க மாட்டாங்க. அத மட்டும் சொல்லலாம்."

அடித்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

பூங்குழலிக்கு அதன்பிறகு சம்பூர்ணத்தின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. செங்கமலத்தை வார்டுக்கு மாற்றியபோது ஸ்ட்ரெச்சரைப் பிடிக்கப் போன சம்பூர்ணத்தின் கையைத் தள்ளிவிட்டாள். "நீங்க போங்கத்த. நீங்க வந்து பாத்த லட்சணம் போதும். மூணு வாரமா அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு, சம்பூர்ணம் உள்ள வரலையே, கோவமான்னு. நான்தான் வேலையா இருப்பாங்கன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

சம்பூர்ணம் வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்தாள். தங்கசாமி வீட்டுக்குப் போய்ச் சோறு கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார். போகும்போது அவள் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அவர் அப்படிச் செய்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாலு மணிக்குப் பங்குச் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தார், சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. அவரைக் கண்டதுமே சம்பூர்ணம் எழுந்து நின்றாள். எண்ணெய் வந்தால் முடிந்தது என்றுதான் அந்தக் காலத்து ஆட்களைப் போல அவளும் நினைப்பாள். உள்ளே போய்ப் பூசிவிட்டுக் கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். டீச்சர் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அவராகவே அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

ஆளில்லாத மாடிப்படி ஓரமாகப் போனார்கள். எல்லாவற்றையும் சொன்னாள். பல்பு, காபி, குரும்பலூரில் அம்மா கையைப் பார்த்தது, நாற்பது வருஷப் பயம், எதையும் விடவில்லை. அவர் பாவமன்னிப்பு கொடுத்துவிட்டு, பரிகாரமாக ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார்.

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"சாமி, அது எப்படிப் பத்தும்? இன்னும் எத்தன செஞ்சா இது போவும்னு சொல்லுங்க, செய்யறேன். வேளாங்கண்ணிக்கு நடந்து போறேன்."

"செஞ்சு போக்கற விஷயமா இருந்தா ஆண்டவரு எதுக்குச் சிலுவையில தொங்கணும்? ஆளுக்கொரு லிஸ்ட் போட்டுக் குடுத்துட்டுப் போயிருப்பாரு. உங்களுக்கு மன்னிப்பு கெடச்சாச்சு சம்பூர்ணம்மா. நீங்க சம்பாதிச்சது இல்ல அது."

"அப்ப இத்தன வருஷமா செஞ்சதெல்லாம் வீணா?"

"அப்படி யாரு சொன்னா?" அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வூட்டுல ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கு அம்மா சோறு போட்டாச்சு, வயிறாரச் சாப்ட்டாச்சு. அப்புறம் எந்திரிச்சு அம்மாவுக்கு ஒத்தாசையா ஏதோ செய்யறா. செஞ்சதுக்குக் கூலியா வந்த சோறு இல்ல அது. ஆனா சாப்ட்டுட்டு நாளெல்லாம் சும்மாவே கெடந்தான்னா, சோறு உடம்புல ஒட்டலைன்னு அர்த்தம். நீங்க சாப்ட்டதே தெரியாம, சோறு கெடைக்குமா கெடைக்காதான்னு பயந்துகிட்டே வேல பாத்திருக்கீங்க. அதான் அந்தக் கேள்விக்கு உங்களால நின்னு பதில் சொல்ல முடியல."

"புரியுது சாமி. ஆனா பயம் போவல."

"எனக்கும்தான் போவல," என்றார் அவர், ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு. "பயம் போனதுக்கப்புறம்தான் வேல செய்யணும்னு இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க அவங்களப் பெரட்டிப் படுக்க வைக்கணுமாம், இல்லைன்னா முதுகு புண்ணாயிடும்னு நர்ஸம்மா சொல்றாங்க. பூங்குழலிக்குக் கைப்புள்ள இருக்கு, வூட்டுக்குப் போவணும். யாரு இருக்கப் போறீங்க?"

அவர் பைக் சத்தம் தேய்ந்த பிறகும் அவள் படியிலேயே நின்றாள். ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நெஞ்சில் எதுவும் இறங்கவில்லை. இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னதை உணர்ந்து, வெட்கப்பட்டு, வார்டுக்கு நடந்தாள்.

பூங்குழலி கட்டிலுக்குப் பக்கத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். சம்பூர்ணத்தைப் பார்த்ததும் முகம் கடுத்தது. "இந்தா, அறிவரசண்ணன். உங்ககிட்டத்தான் பேசணுமாம்." போனை அவள் கையில் திணித்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அவள் போனைக் காதில் வைத்தாள்.

"சின்னம்மா."

"சொல்லுப்பா."

"டிக்கெட் கெடைக்க நாளைக்கு ராத்திரி ஆயிடும். அதுக்கு மறுநாள்தான் வந்து சேருவேன்." நிறுத்தினான். "உங்க மேல எனக்குக் கோவம். எவ்வளவு கோவம்னு எனக்கே தெரியல. வாராவாரம் உங்க பேரச் சொல்லித்தான் நிம்மதியாத் தூங்கினேன்."

அவள் நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா பூங்குழலி எத்தன நேரம் இருக்கும்? யாராச்சும் இருக்கணும். இங்கேர்ந்து எனக்கு இருக்கறது உங்க பேச்சு மட்டும்தான் சின்னம்மா. நீங்க நல்லா இருக்காங்கன்னா நல்லா இருக்காங்க, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதனால கண்ணால பாக்கறத மட்டும் சொல்லுங்க. எனக்கு ஆறுதலா ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சரிப்பா."

"இப்ப எப்படி இருக்கு?"

சம்பூர்ணம் கட்டிலை நெருங்கினாள். இத்தனை வாரமாக ஓடி ஒளிந்த அந்த முகத்தை நேராகப் பார்த்தாள். நெற்றியில் எண்ணெய் மினுங்கியது.

"கண்ணு ரெண்டும் தொறந்திருக்கு. இடது கண்ணு என்னப் பாக்குது. வாய் வலது பக்கம் தொங்கிக் கெடக்கு, எச்சில் வழியுது. தொடைக்கிறேன் இரு." முந்தானையால் துடைத்தாள். "வலது கை அசையல. கிள்ளிப் பாக்கறேன் இரு. இழுக்கல. மூக்குல ட்யூப் வச்சிருக்காங்க. சேலைய நனைச்சிருக்காங்க, மாத்தணும்."

"அம்மாவுக்கு நீங்க பேசறது கேக்குதா?"

"தெரியலப்பா."

"பொழச்சுக்குமா?"

வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். மாதா இருக்கா, கவலப்படாத. நுனி நாக்கு வரை வந்தது.

"தெரியலப்பா," என்றாள் திரும்பவும். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. மூச்சு வருது. நான் இங்கதான் இருக்கேன்."

பூங்குழலி கட்டிலின் அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவள் சம்பூர்ணத்தைப் பார்க்கவில்லை. "ஆறு மணிக்குப் பெரட்டணும்னு சொன்னாங்க," என்றாள் கட்டிலைப் பார்த்து. "ஒரு ஆளால ஆவாது. தோள்பட்டைப் பக்கம் நீங்க பிடிங்க."